ஹாரன் அடிக்காத டிரைவர்

பிணத்தை அறுக்கும் முன்பு ஆஸ்பத்திரியில் எல்லோரும் ஒரு நிமிடம் வாயடைத்து நிற்பார்கள். திருப்பதியில், ரேணிகுண்டா சாலையோரத்துத் தகர ஷெட்டில் அன்று காலை அப்படி ஒரு நிமிடம் வந்தது. கனத்த மரமேசைமேல் கன்றுக்குட்டி பருமனில் ஒரு கியர் பாக்ஸ் கிடந்தது. மேலே போலீஸ் வைத்த அரக்கு முத்திரை.

தேன்மொழிக்கு நாக்கின் நுனி வரை ஒரு கேலி வந்துவிட்டது. எதிரே ஸ்பானரோடு நின்ற அபிகாயிலின் முகத்தைப் பார்த்ததும் அதை அப்படியே விழுங்கினாள். அவள் கேலியை விழுங்குவது அபூர்வம்.

“முத்திரையை நான் உடைக்கறேன். போல்ட்டை நீ கழட்டும்மா” என்றார் அசரியா.

அசரியா ஒரு காலத்தில் சித்தூரில் மோட்டார் வாகன ஆய்வாளர். பெரிய மனிதர் ஒருவரின் பஸ்ஸுக்குக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட மறுத்தார், வேலையை விட்டார். இப்போது இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக விபத்துகளை ஆராய்கிறார். இடையில் யாராவது அழுதுகொண்டு வாசலுக்கு வந்தால் துப்பும் துலக்குவார். முதல் வேலையில் சோறு, இரண்டாவது வேலையில் தலைவலி என்று அவருடைய உதவியாளர் தேன்மொழி சொல்லுவாள்.

இந்த வழக்கில் இரண்டும் ஒன்றாக வந்திருந்தன. முத்திரையை உடைத்துப் பார்க்கக் கோர்ட் அனுமதியையும் இன்சூரன்ஸ் கம்பெனியே வாங்கிக் கொடுத்திருந்தது.

கருங்கல்லுக்கு வெளிநாட்டில் திடீரென்று மவுசு வந்த வருடங்கள் அவை. சித்தூருக்கு அப்பால் மலைகளை வெட்டி வெட்டிக் கப்பலேற்றினார்கள். ஒரு குவாரி முதலாளி சென்னைத் துறைமுகத்தில் பழைய வெளிநாட்டு லாரி ஒன்றை எடுத்து வந்தார். நானூறு குதிரை சக்தி. க்ளட்ச் மிதியே கிடையாது. கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். வந்த கொஞ்ச நாளில் அந்தத் தானியங்கிக் கியர் பாக்ஸ் தேய்ந்துபோய், ஏற்றத்தில் எஞ்சின் மட்டும் கத்த, வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. அதைத் தொடவே இந்தப் பக்கத்து மெக்கானிக்குகள் பயந்தார்கள். தொட்டவன் பிலிப். மஸ்கட்டில் பல வருடம் இதே வேலை பார்த்துவிட்டு, சேர்த்ததையெல்லாம் இந்த ஷெட்டில் போட்டவன். அபிகாயிலின் கணவன்.

பிலிப் அதைப் பிரித்து, தேய்ந்த தகடுகளை எடுத்து எறிந்து, புதுத் தகடும் புது ரப்பர் வளையங்களும் மாட்டிப் பூட்டினான். லாரியைத் தானே ஓட்டிப்போய்ச் சித்தூரில் முதலாளியின் யார்டில் விட்டான். அடுத்த வாரமே குவாரிச் சரிவில் அந்த லாரி தறிகெட்டு இறங்கிக் கற்குவியலில் மோதியது. டிரைவர் கிருஷ்ணப்பா அங்கேயே செத்துப்போனார். ஓடிக்கொண்டிருந்த வண்டியில் கியர் வழுக்கிவிட்டது, மெக்கானிக் சரியாகப் பூட்டவில்லை என்று இறந்தவரின் தம்பி தாமோதரன் புகார் கொடுத்தான். பிலிப் இப்போது சித்தூர் சப்-ஜெயிலில்.

“நாளைக்கு கோர்ட்டுல தப்பு என்னுதுன்னு ஒத்துக்கப் போறாராம் ஐயா” என்றாள் அபிகாயில், போல்ட்டைச் சுற்றிக்கொண்டே. “எதையோ மாட்டாம விட்டுட்டேன், எதையோ விட்டுட்டேன்னு அதையே சொல்லிகினு இருக்காரு. ஜாமீனே வேணாமாம். பொட்டியைத் தெறந்து பாத்து, நான்தான் அந்த மனுசனைக் கொன்னேனான்னு மட்டும் சொல்லச் சொல்லுன்னாரு.”

“நீ என்ன சொன்னே?”

“நான் இன்னா சொல்லுவேன்? தகடெல்லாம் நான்தான் எண்ணெயில ஊறவெச்சு ஒண்ணொண்ணா எடுத்துக் குடுத்தேன். அவரு கொன்னிருந்தா நானும்தான் கொன்னேன்.”

கடைசி போல்ட் கழன்றது. அடியில் வைத்திருந்த தட்டில் எண்ணெய் இறங்கியது. மூவரும் குனிந்தார்கள்.

சிவப்பாக இருந்தது. மாதுளம்பழச் சாறு மாதிரி.

அபிகாயில் எண்ணெயில் விரலைத் தோய்த்துப் பார்த்தாள். “வழுக்கியிருந்தா கருகிக் கறுப்பா இருக்கும். நாத்தம் குடலைப் பிடுங்கும்” என்றாள். சாக்கை விரித்து உள்ளே இருந்த தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். புது மெருகு கலையாத தகடுகள். வளையங்கள் எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருந்தன. அவள் முகத்தில் ரத்தம் திரும்புவதைத் தேன்மொழி பார்த்தாள்.

கடைசியாகப் பின்பக்கத்து மூடியைத் திறந்தபோது அந்த ரத்தம் மறுபடி வடிந்தது.

“ஐயா…”

வால் பகுதியில், தண்டு சுழலும் புஷ் என்ற உலோக வளையம் காய்ந்து, வெந்து, நீலம் பாரித்திருந்தது. ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

அசரியா கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றினார். விரலால் தடவினார். முகர்ந்தார். “தலை தூங்கியிருக்கு. வால் மட்டும் ஓடியிருக்கு.”

“எங்க மாமியா ஊட்டு நாய் மாதிரி” என்றாள் தேன்மொழி. இந்த முறை விழுங்க முடியவில்லை.

“அப்ப அவரு தப்புதானா?” என்றாள் அபிகாயில்.

“இதை மட்டும் காட்டினா போலீஸ் அப்படித்தான் சொல்லும். பின்னாடி எண்ணெய் போகலை, பூட்டினவன் குத்தம்னு. முன்னாடி இவ்வளவு தகடு புதுசா இருக்கறதை ஒருத்தனும் திரும்பிப் பார்க்க மாட்டான்.” அசரியா கையைத் துடைத்தார். “சாயங்காலம் வரைக்கும் பொறு தங்கச்சி. எதையும் துடைக்காதே, கழுவாதே.”

வெளியே ஜீப் வழக்கம்போலக் கிளம்ப மறுத்தது.

“இறங்கு தேனு.”

“சம்பளத்துல தள்ளற கூலி தனியா சேருமா சார்?” என்று கேட்டபடி இறங்கினாள். எதிர்ப்புறத்து டீக்கடைக்காரர் கூப்பிடாமலே ஓடிவந்து கை கொடுத்தார். இருவரும் பத்தடி தள்ளினார்கள். அசரியா இரண்டாவது கியரில் க்ளட்சை விட்டார். ஜீப் ஒரு குலுக்குக் குலுக்கி, இருமி, உயிர் பிடித்தது. தேன்மொழி ஓடிவந்து தாவி ஏறினாள்.

நூறடி போனதும் அசரியா ஓரம்கட்டி நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை.

“இப்ப இந்த எஞ்சினை ஓட வெச்சது யாரு?”

“நானும் டீக்கடைக்காரரும். அவரு தொப்பைக்குத்தான் பாதிப் புண்ணியம்.”

“நீங்க தள்ளினது சக்கரத்தை. சக்கரம் கியரைச் சுத்திச்சு. கியர் எஞ்சினைச் சுத்திச்சு. நடுவுல எல்லாம் இரும்போட இரும்பு பிடிச்சிருக்கு. அந்த லாரியில அப்படி இல்லை. எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவுல எண்ணெய்தான் பிடிப்பு. எஞ்சின் ஓடினாத்தான் அந்த எண்ணெய் சுத்தும். எஞ்சின் நின்ன வண்டியை இங்கேருந்து நாயுடுபேட்டை வரைக்கும் இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகாது. வால் மட்டும் எண்ணெய் இல்லாம காஞ்சு சுத்தி வேகும்.”

தேன்மொழி மெல்ல விசிலடித்தாள். “அப்ப யாரோ கயிறு கட்டி இஸ்துகினு போயிருக்காங்க.”

“ரொம்ப தூரம். ஆனா புகார்ல, வாக்குமூலத்துல, எல்லாத்துலயும் வண்டி ஓடிக்கினு இருந்ததுன்னு இருக்கு. ஏன்? கயிறு கட்டி இழுக்கறது நம்ம ஊர்ல குத்தமா? இழுபடாத லாரி எது? அதை எதுக்கு மறைக்கணும்?”

ஜீப் சித்தூர் சாலையில் ஓடியது. பாகாலா பிரிவு தாண்டியதும் வழியெல்லாம் கல் ஏற்றிய லாரிகள். தேன்மொழி ஒவ்வொரு டிரைவரின் முகத்தையும் பார்த்துக்கொண்டு வந்தாள். அது அவளுக்கு வியாதி மாதிரி. அவள் புருஷனும் டிரைவர்தான். குவைத்துக்குப் போனான்; சென்னை விமான நிலையத்துச் சரக்குப் பிரிவில் பெட்டியாகத் திரும்பினான். கூடவே வந்த பையில் அவளுக்காக ஒரு ஜோடி புதுச் செருப்பு இருந்தது. ஒரு விரல் அளவு சின்னது. எப்படி நடந்தது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அரபியில் ஒரு காகிதம் வந்தது, அவ்வளவுதான். அன்றுமுதல் அவள் நிறையப் பேச ஆரம்பித்தாள்.

குவாரி என்பது பூமியில் தோண்டிய பெரிய கிண்ணம். விளிம்பிலிருந்து அடிவரை லாரிகள் இறங்குவதற்கு ஒரு நீளச் சரிவு. அடியில், மூக்கு நசுங்கிய நானூறு குதிரை லாரி கற்குவியலில் முட்டிக்கொண்டு கிடந்தது. கியர் பாக்ஸை மட்டும் கழற்றியிருந்தார்கள். விளிம்பில், கல் தூக்கும் மஞ்சள் லோடர் ஒன்று வேலையில்லாமல் நின்றது.

மேஸ்திரி கோபிகிருஷ்ணன் இடுப்பில் பேஜரோடு ஓடிவந்தான். “ரண்டி சார், வாங்க வாங்க. முதலாளி சென்னையில கப்பல் வேலையா இருக்காரு. எல்லாம் நானே காட்றேன்.”

“அன்னிக்கு நீங்க பாத்தீங்களா?”

“கண்ணால பாத்தேன் சார். வண்டி ஃபர்ஸ்ட் கிளாஸா ஓடிகினு வந்துது. சரிவுல எறங்கினதும் கியர் வழுக்கிடுச்சு. அய்யோ பாவம், மஞ்சி மனிஷி, நல்ல மனுசன் சார் கிருஷ்ணப்பா. அந்த பிலிப்பு இன்னா பூட்டினானோ.”

அசரியா தலையாட்டிவிட்டு லாரியை நோக்கிச் சரிவில் இறங்கினார். மேஸ்திரி நிழல் மாதிரி அவரோடு போனான். தேன்மொழி சரிவின் அடியில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த பெண்களிடம் போனாள்.

பாறை துளைக்கும் கருவிக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் இரைந்து ஓடிக்கொண்டிருந்தது. “அன்னிக்கி யாரு இங்க இருந்தீங்க?” என்று கத்தினாள். பக்கத்தில் இருந்த பெண் காதில் கையை வைத்து உதட்டைப் பிதுக்கினாள். மறுபடி கத்தினாள். அந்தப் பெண் சிரித்துவிட்டு எழுந்து, தேன்மொழியின் கையைப் பிடித்து ஒரு பாறைக்குப் பின்னால் இழுத்துப்போனாள். பெயர் பொன்னியம்மா.

“இந்த எழவு சத்தத்துல பேச முடியாது. இன்னா கேட்ட?”

“லாரி வந்தப்ப நீ எங்க இருந்த?”

“இதோ, நீ நின்ன எடந்தான். நாங்க நாலு பேரு. எங்கள வாழவெச்சிட்டுப் போச்சு அந்த மனுசன்.” பொன்னியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். “ஜன்னல்ல பாதி ஒடம்பு வெளிய. ‘ஏ பொன்னி, ஓரம் போங்கடி, பிரேக் இல்லடி, ஓரம் போங்கடி’ன்னு கத்திகினே வந்துச்சு. நான் இவளுங்கள இஸ்து அந்தாண்ட தள்ளினேன்.”

“உன் பேரச் சொன்னாரா?”

“என் பேருதான். இன்னும் காதுலயே கீது.”

“ஹாரன் அடிச்சாரா?”

பொன்னியம்மா யோசித்தாள். “இல்லயே. கத்தத்தான் கத்துச்சு.”

தேன்மொழி பாறைக்கு அப்பால் இரைந்த கம்ப்ரசரைத் திரும்பிப் பார்த்தாள். “அவ்ளோ பெரிய லாரி வருது. பக்கத்துல நின்னு நான் கத்தினது இப்ப உனக்குக் கேக்கல. அவரு தூரத்துலேருந்து கத்தினது எப்படிக் கேட்டுச்சு?”

“கம்ப்ரசர் அப்ப போடல.”

“லாரி சத்தம்?”

பொன்னியம்மாவின் வாய் கொஞ்சம் திறந்தது. “சக்கரத்துல கல்லு நசுங்கற சத்தந்தான்… ஆமா. வேற சத்தம் இல்ல.”

“இத போலீசுல சொன்னியா?”

“பொம்பளைங்கள யாரும்மா கேட்டாங்க? அவங்க சாயந்திரம் வந்து மேஸ்திரி கிட்ட பேசிட்டுப் போய்க்கினே இருந்தாங்க.” பொன்னியம்மா கண்ணைத் துடைத்தாள். “எங்க பாடு வேற கீது. அந்த மஞ்ச மெஷினு இருந்தா கல்லை அது ஒதுக்கும். அதுவும் அன்னிக்கி மத்தியானத்துலேருந்து படுத்துகிச்சு. எல்லாம் எங்க இடுப்புதான்.”

தேன்மொழி லாரியிடம் போனபோது மேஸ்திரியின் பேஜர் அலறி, அவன் ஆபீசுக்கு ஓடிக்கொண்டிருந்தான். அசரியா மண்டியிட்டு லாரியின் பக்கவாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், நானூறு குதிரையும் அன்னிக்கி வாயத் தெறக்கல” என்றாள். பொன்னியம்மா சொன்னதைச் சொன்னாள்.

அசரியா முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். “ஹாரனுக்கு பேட்டரி வேணும், இல்லாட்டி எஞ்சின் ஏத்தற காத்து வேணும்” என்றார். “ரெண்டும் இல்லாதவன் தொண்டையாலதான் கத்தணும். இங்க பார்.”

பேட்டரி வைக்கும் இரும்புப் பெட்டி மோதிய வேகத்தில் உள்வாங்கி, அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. அதற்குள் இரண்டு பேட்டரிகள். ஒரு கீறல் இல்லை. தரையோடு வந்த வெயிலில் பளபளத்தன.

“வீடு இடிஞ்சு விழுந்திருக்கு, உள்ள இருந்த பானை உடையல” என்றாள் தேன்மொழி.

“இடிஞ்சதுக்கு அப்புறம் கொண்டாந்து வெச்ச பானை.”

தேன்மொழி விளிம்பில் நின்ற மஞ்சள் லோடரை அண்ணாந்து பார்த்தாள். அசரியாவும் பார்த்தார். மேலே ஏறினார்கள்.

மேலே ஒருவன் காத்திருந்தான். மொட்டை போட்ட தலையில் முள்முள்ளாக முடி. கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன.

“நீங்கதான் அந்த மெக்கானிக்கை வெளிய எடுக்க வந்தவங்களா?”

“நான் இன்சூரன்ஸ் சர்வேயர் தம்பி. நீ?”

“தாமோதரன். செத்தது எங்கண்ணன்.” அவன் குரல் உயர்ந்தது. “வக்கீலு, சர்வேயர், எவன் வந்தாலும் அவன உடமாட்டேன் சார். எங்க அண்ணி சென்னம்மா கஞ்சியக்கூட தொடாம சுவத்தப் பாத்துகினு கெடக்குது. அதுக்கு நான் வாக்குக் குடுத்துட்டேன். அண்ணனக் கொன்னவன உள்ளதான் வெப்பேன்னு.”

“அன்னிக்கு என்ன நடந்தது? நீயே சொல்லு.”

“இன்னாத்த சொல்றது. காலையில சித்தூர் யார்டுல வண்டிய எடுக்கப் போனா பேட்டரி இல்ல. ஜெனரேட்டருக்குக் கழட்டிட்டாங்களாம். மேஸ்திரி, கப்பலுக்கு நேரமாவுது, எப்டியாவது கொண்டாங்கடான்னாரு. சரின்னு என் லாரியில கயிறு கட்டி இஸ்துகினு வந்தேன். எங்கண்ணன் ஸ்டியரிங்குல. எஞ்சின் ஓடாததால பிரேக்குக்குக் காத்து இல்லாம சக்கரம் பூட்டிகினு இருந்துது. நான்தான் அடியில பூந்து போல்ட்ட முறுக்கி விடுவிச்சேன். வழியெல்லாம் பாத்தோம், எஞ்சின் புடிக்கவே இல்ல. அப்பவே சந்தேகம் சார். என் லாரிய இப்டி இஸ்தா பத்தடியில புடிச்சிக்கும். இவன் பூட்டின லட்சணம், இவ்ளோ தூரம் இஸ்தும் புடிக்கல!”

அவன் அதைத்தான் சாட்சியாக நினைத்துக்கொண்டிருந்தான். சொல்லச் சொல்ல அவனுக்குக் கோபம் ஏறியது.

“அப்புறம்?”

“இங்க வந்து சேந்தோம். அண்ணன் சொல்லுச்சு, ‘சரிவுல வுட்டா புடிச்சிக்கும்டா, புடிச்சா காத்தும் ஏறிக்கும்’னு. கயிற அவுத்தேன். சக்கரத்துக்கு முட்டுக் குடுத்திருந்த கல்ல எடுத்தேன். வண்டி உருண்டுது. புடிக்கும், இப்ப புடிக்கும்னு பாத்துகினே நின்னேன்…”

அவன் சரிவின் பக்கம் கையைக் காட்டினான்.

“இதையெல்லாம் புகார்ல சொன்னியா?” என்றார் அசரியா மெதுவாக.

“ஒண்ணு வுடாம சொன்னேன். மேஸ்திரி தெலுங்குல எழுதினாரு. எனக்குத் தெலுங்கு பேசத்தான் வரும், படிக்க வராது. கையெழுத்துப் போட்டேன்.”

தேன்மொழி அசரியாவைப் பார்த்தாள். இப்போது அவர் சொல்லப் போகிறாரா? அவர் சொல்லவில்லை. அவர் செய்தது அவளுக்கே பிடிக்கவில்லை.

“தாமோதரா, ஒரு உதவி. அந்த லோடர் என் ஜீப்புக்கு வழிய மறிச்சிகினு நிக்குது. அதுலயும் பேட்டரி இல்லைபோல. உன் லாரியில கயிறு கட்டி ஒரு இழுப்பு இழு. ஸ்டார்ட் ஆனா நகத்திடலாம்.”

தாமோதரனுக்குப் பழகிய வேலை. முறைத்துக்கொண்டேதான் போனான், ஆனாலும் போனான். லாரியைப் பின்னால் எடுத்து நிறுத்தினான். இறங்கி, கயிற்றை லோடரின் கொக்கியில் மாட்டி முடிச்சுப் போட்டான். மறுபடி ஏறி எஞ்சினை உறுமவிட்டான்.

ஆபீஸ் கதவு படாரென்று திறந்தது.

“வத்துரா! வத்து! இஸ்காதடா தாமோதரா, அது ஆட்டோமேட்டிக்டா, இஸ்தா ஸ்டார்ட் ஆவாது, பொட்டி பூடும்டா!” கோபிகிருஷ்ணன் ஒரு காலில் செருப்பில்லாமல் ஓடிவந்தான்.

தாமோதரன் எஞ்சினை அணைத்தான்.

அசரியா மேஸ்திரியின் எதிரே போய் நின்றார். “யார் சொன்னது, இழுத்தா ஸ்டார்ட் ஆகாதுன்னு?”

“பிலிப்புதான். லாரிய யார்டுல வுட்டுட்டுப் போகச்சொல்லோ, இதையும் சேத்துத்தான்…” மேஸ்திரியின் வாய் பாதியில் நின்றது. காலில் எதுவோ குத்தியதுபோலக் குனிந்து பார்த்தான். நிமிரவில்லை.

“ரெண்டு வண்டியையும் சேத்துச் சொன்னான். இழுக்காதே, தள்ளாதேன்னு. லோடருக்கு இன்னிக்கு ஞாபகம் வந்தது. லாரிக்கு அன்னிக்கு ஏன் வரலை?”

“கப்பலு சார்… கன்டெய்னரு நின்னுகினு இருந்துது.” கோபிகிருஷ்ணனின் குரல் தேய்ந்தது. “பொட்டி போனா போவட்டும், பிலிப்பு தலையில கட்டிடலாம்னு நெனச்சேன். ஆளு போவான்னு நெனைக்கல. சத்தியமா நெனைக்கல சார்.”

“அப்புறம் லோடர் பேட்டரியைக் கழட்டி, நசுங்கின லாரியில வெச்சே.”

கோபிகிருஷ்ணன் குனிந்தபடியே தலையாட்டினான்.

தாமோதரன் லாரியிலிருந்து இறங்கி வந்தான். மேஸ்திரியை அடிக்கப் போகிறான் என்று தேன்மொழி நினைத்தாள். அடித்தால் தடுக்கக்கூடாது என்றும் நினைத்தாள். அவன் மேஸ்திரியைப் பார்க்கவே இல்லை. நேராக அசரியாவிடம் வந்தான்.

“சார், அந்த வண்டி… இன்னும் கொஞ்ச தூரம் ஓடியிருந்தா புடிச்சிருக்கும் இல்ல?”

அசரியா கண்ணாடியைக் கழற்றினார். “இல்ல தம்பி. எவ்வளவு தூரம் ஓடியிருந்தாலும் பிடிச்சிருக்காது.”

“அண்ணன் புடிக்கும்னு சொல்லுச்சே.”

“நம்ம ஊர் லாரி எல்லாம் அப்படிப் பிடிக்கும். அவருக்குத் தெரிஞ்சதை அவர் சொன்னார். இந்த வண்டி வேற. அதை அவருக்கு யாரும் சொல்லலை. உனக்கும் சொல்லலை.”

தாமோதரன் சரிவைப் பார்த்து நின்றான். தேன்மொழி அவன் பக்கத்தில் போய் நின்றாள். எதையாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தாள். அரபிக் காகிதம் வந்த அன்று தனக்கு ஆயிரம் பேர் ஆயிரம் சொன்னது நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டாள். நின்றது மட்டும்தான்.

அசரியா மேஸ்திரியின் வாக்குமூலத்தை அங்கேயே எழுதி வாங்கினார். குவாரி ஆபீஸ் போனிலிருந்தே சித்தூர் இன்ஸ்பெக்டரிடம் பேசினார். திருப்பதியில் ஷெட்டுக்குப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கும் தேன்மொழியைப் பேசச் சொன்னார்.

“அக்கா, உன் தகடெல்லாம் நல்லா இருந்துதுக்கா. உங்க ரெண்டு பேரு கையிலயும் ஒரு தப்பும் இல்ல” என்றாள் தேன்மொழி.

அபிகாயில் கேட்டாள்: “அப்ப அந்த சென்னம்மாவுக்கு யாரு போய் சொல்லுவாங்க?”

ஜீப் கிளம்பியபோது தாமோதரன் கேட்காமலே பின்னால் ஏறி உட்கார்ந்தான்.

“ஸ்டேஷனுக்கா தம்பி? புகாரை மாத்தணும்” என்றார் அசரியா.

“அதுக்கு முன்னாடி ஜெயிலுக்குப் போலாம் சார்.”

“அண்ணி?”

“அண்ணி கிட்ட நான்தான் சொல்லணும். ராத்திரி சொல்றேன்.” கொஞ்ச நேரம் கழித்து, “மொதல்ல அந்த ஆளு” என்றான்.

சப்-ஜெயில் அதிகாரி அசரியாவுக்குப் பழக்கம். நேரம் கடந்திருந்தாலும் பிலிப்பைக் கூட்டிவரச் சொன்னார். வந்தவனைப் பார்த்துத் தேன்மொழி திடுக்கிட்டாள். சட்டைக்குள் ஆள் இல்லை. தாடிக்கு நடுவில் இரண்டு கண்கள் மட்டும் இருந்தன. அந்தக் கண்கள் கம்பிக்கு இந்தப் பக்கம் தாமோதரனைக் கண்டதும் நடுங்கின. இரண்டு கைகளும் தாமாகக் கூப்பிக்கொண்டன.

“தம்பி, என்னை மன்னிச்…”

தாமோதரன் கம்பிக்குள் கையை விட்டு, கூப்பிய அந்தக் கைகளை அப்படியே பிடித்துக்கொண்டான்.

“உன் பொட்டி நல்லாத்தான் கீது மெக்கானிக்கு.”

பிலிப் புரியாமல் அசரியாவைப் பார்த்தான்.

“ஒரு வளையம்கூட நீ விடலை பிலிப். உன் சம்சாரமே பிரிச்சுப் பாத்தா” என்றார் அவர்.

பிலிப் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். தாமோதரன் பிடியை விடாததால் அவன் கைகள் மட்டும் மேலே நீட்டியபடி நின்றன. அந்த நிலையிலேயே தோள்கள் குலுங்க அழுதான். காவலாளி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

அழுகை அடங்கியதும் பிலிப் முகத்தை உயர்த்தினான்.

“அப்ப எப்படி தம்பி நடந்துது?”

அசரியா பதில் சொல்ல ஒரு அடி முன்னால் வைத்தார். தேன்மொழி அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

தாமோதரன் மெதுவாகக் கீழே இறங்கி, கம்பிக்கு இந்தப் பக்கத்துச் சிமெண்டுத் தரையில், பிலிப்பின் முகத்துக்கு நேராக முகம் வரும்படி சப்பணம் போட்டு உட்கார்ந்தான். கைகளை விடவில்லை.

“காலையில யார்டுக்குப் போனோம். பேட்டரி இல்ல” என்று ஆரம்பித்தான்.